வெளியே நீளும் ஜன்னல்

வீட்டுக் கடனுக்காகப் பிறருடைய பிளான்களைப் புரட்டிக்கொண்டிருந்தவன், போன வருஷம் என்னுடையதைப் பார்க்க நேர்ந்தது. கீழ்ப் பகுதி வாடகைக்கு. தவணைக்கு அதுதான் வழி. ஆகவே, முழங்கால் வலியால் படியிறங்க முடியாத அம்மாவுக்கு மாடி. இந்த ஏற்பாடு உறுத்தியதால்தான், தெருப்பக்கம் சுவரைத் தாண்டி நீளும் ஜன்னல் ஒன்று வைப்பதென்று தீர்மானித்தேன்.

ஆங்கில நாவல்களைப் பாடமாகப் படித்ததன் மிச்சம், இந்த ஜன்னல்களின் பெயர்கள். தரையிலிருந்து எழும்பினால் 'பே'. மாடிச் சுவரில் தாங்கிகளின் மேல் நின்றால் 'ஓரியல்'. வில்லாக வளைந்தால் 'போ'. 1864இல் லிவர்பூலில் பீட்டர் எல்லிஸ் கட்டிய ஓரியல் சேம்பர்ஸின் முகப்பு முழுக்க ஓரியல்கள்தாம். அலுவலக அறைகளுக்குள் வெளிச்சம் வருவதற்காக. குமாஸ்தாக்களின் கண்களைப் பற்றியும் ஒருவன் யோசித்திருக்கிறான் என்பதில் எனக்கொரு வர்க்கப் பெருமிதம். அன்றைய விமர்சகர்கள் அதைப் பரிகசித்தார்கள் என்பது இன்னும் பிடித்திருந்தது.

நான் கேட்டது வில் வளைவு. மேஸ்திரி ஒன்றுதான் கேட்டார்: "அதுல யார் சார் உக்காரப் போறாங்க?"

உருவம் பற்றி இத்தனை வருஷம் எழுதியும் எனக்குத் தோன்றாத கேள்வி. சுவரோடு ஒட்டிய ஜன்னல் எதிர்வீட்டைத்தான் காட்டும். நீளும் ஜன்னலின் அர்த்தமே அதன் பக்கங்களில் இருக்கிறது. பக்கங்கள் 45 பாகையில் சாய்ந்திருந்தால் தெரு சரிவாகத் தெரியும். பெட்டிபோல் 90 பாகையில் நின்றால், உள்ளே உட்கார்ந்தவருக்குத் தெருவின் இரு முனைகளும் நேராகக் கிடைக்கும். இரண்டடிக்குப் பெட்டி ஜன்னல் என்று முடிவாயிற்று. ஸ்லாபின் கம்பிகளை அறையின் தளத்துக்குள் வெகுதூரம் இழுத்துக் கட்டினார் மேஸ்திரி. வெளியே தெரியும் இரண்டடியை உள்ளே தெரியாத நீளம்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அம்மா ஒரு வாரம் அங்கே உட்கார்ந்தாள். பிறகு நாற்காலியை உள்ளே இழுத்துக்கொண்டாள். "போறவங்க வர்றவங்க எல்லாம் என்னையே பாக்கறாங்கடா."

ஜெய்ப்பூர் ஹவா மஹல் 1799இல் கட்டப்பட்டது. 953 சிறு ஜன்னல்கள். அரண்மனைப் பெண்கள் தெருவைப் பார்க்கலாம்; தெரு அவர்களைப் பார்க்காது. அதை அடிமைத்தனத்தின் சின்னமென்று ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறேன். இப்போதும் மாற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால், பார்க்கப்படாமல் பார்ப்பதில் ஒருவருக்கு நிம்மதியும் இருக்கக்கூடும் என்ற வரி அந்தக் கட்டுரையில் இல்லை.

தச்சரைக் கூப்பிட்டுக் கண்ணாடியின் பாதி உயரத்துக்கு மரச் சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடிக்கச் சொன்னேன். நாற்காலி திரும்பி வந்தது. காய்கறி வண்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகள், முனையில் நிற்கும் பஸ் எல்லாம் அவளுக்கு இப்போது தெரிகின்றன. என் தேர்வு சரியானதென்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று மாலை வெளியே பார்த்தபடியே கேட்டாள்: "கீழ்வீட்டுக்காரங்க எப்ப காலி பண்ணுவாங்க?"

தவணை இன்னும் 14 வருஷம் இருக்கிறது.