கஞ்சிப் பானையும் எரிமலையும்

ஜியாலஜியில் எனக்கு அரியர் விழுந்தது 2 மார்க்கில். சிவில் பசங்க எல்லாருக்கும் தெரிந்த கதைதான். ஆனால் எந்தக் கேள்வியில் போச்சு என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. 'சில எரிமலைகள் வழிந்தோடுகின்றன, சில வெடிக்கின்றன. ஏன்?' சூடு அதிகமானால் வெடிக்கும் என்று ஒரு பக்கத்துக்கு அளந்துவிட்டேன். சைபர்!

விஷயம் தலைகீழ், நண்பர்களே. அமைதியாக வழிந்தோடும் பசால்ட் குழம்புதான் அதிகச் சூடு, 1,100 முதல் 1,200 டிகிரி செல்சியஸ். பயங்கரமாக வெடிக்கிற ரயோலைட் குழம்பு 700-லிருந்து 900 டிகிரிக்குள்தான். வில்லன் சிலிக்கா. பசால்ட்டில் அது சுமார் 50 சதவீதம், ரயோலைட்டில் 70-ஐ ஒட்டியும் அதற்கு மேலும். சிலிக்கானும் ஆக்சிஜனும் சங்கிலி சங்கிலியாகக் கைகோத்துக்கொள்வதால் குழம்பு கெட்டியாகிவிடுகிறது. கரைந்திருக்கும் நீராவி, மேலே வர வர அழுத்தம் குறைந்து குமிழாகிறது. குழம்பு நீர்க்க இருந்தால் குமிழ் நழுவி வெளியேறிவிடும். கெட்டியாக இருந்தால் மாட்டிக்கொள்ளும். அப்புறம் என்ன, வெடிதான்.

இதற்கு நான் புத்தகத்தையே திறந்திருக்க வேண்டாம். குறிஞ்சிப்பாடியில் எங்கள் வீடு தறி வீடு. பாவுக்குப் போட அம்மா கஞ்சி காய்ச்சுவாங்க. தண்ணியா இருக்கிறவரை தளதளன்னு கொதிக்கும், ஒண்ணும் செய்யாது. இறுகின பிறகு, அதுவும் அடுப்பைத் தணித்த பிறகுதான், 'பொளக்'கென்று குமிழ் உடைந்து தெறிக்கும். ஏழு வயசில் ஒரு நாள், "கிண்டிக்கிட்டே இருடா" என்று சொல்லிவிட்டுப் போனாங்க. நான் கோலி ஆடப் போய்விட்டேன். ஓடிவந்து கரண்டியை விட்ட அம்மாவின் வலது கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவன் பரீட்சையில் சூடு, சூடு என்று எழுதினேன்.

நம் நாட்டில் உயிரோடு இருக்கும் எரிமலை அந்தமானின் பாரன் தீவு. பெரும்பாலும் பசால்ட் வகை. 1991-ல் விழித்தபோது குழம்பு கடல்வரை ஓடியது. சுமத்ராவின் தோபாவோ ரயோலைட். சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் அது வெடித்த சாம்பல் வங்கக் கடலைத் தாண்டி வந்து, ஆந்திராவின் ஜ்வாலாபுரத்தில் இன்றும் படிந்து கிடக்கிறது.

போன லீவில் அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அங்க கிண்டிவிட யாருடா இருக்காங்க?" என்றாங்க. கரண்டி அப்போது என் கையில் இருந்தது.