உறையில் அச்சிட்ட செலவுக் கணக்கு

சென்ற மாதம் ஒரு படிப்பு வட்டத்தில் கல்லூரித் தங்கை ஒருவர் கேட்டார்: "தோழர், வெள்ளைக்காரப் பசங்க போட்ட சத்தத்தை எதுக்குக் காசு குடுத்து வாங்கி வெச்சிருக்கீங்க? நம்ம வேலைக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" அன்று சிரித்துச் சமாளித்துவிட்டோம். ஆனால் கேள்வி நியாயமானது. அதற்கான பதில் இது.

நாங்கள் நான்கு பேர், சமூகவியல் முதுகலை படிக்கும்போது ஒரே விடுதியில் இருந்தவர்கள். டிக் ஹெப்டிஜ் 1979இல் எழுதிய 'சப்கல்ச்சர்' நூலைத் தேர்வுக்காகப் படித்தோம். பிரிட்டனின் பங்க் இளைஞர்கள் குத்திக்கொண்ட ஊக்கு, போட்ட கிழிசல் சட்டை பற்றியெல்லாம் பக்கம் பக்கமாக விடை எழுதினோம். அவர்கள் பாட்டை மட்டும் கேட்டதே இல்லை. வேலைக்குப் போன பிறகு அந்தக் குறையைத் தீர்க்கப் பங்கு போட்டுப் பழைய ஏழு அங்குல இசைத்தட்டுகளை வாங்கத் தொடங்கினோம். இதுவரை 11 சேர்ந்திருக்கின்றன. பாதிக்கு மேல் மறுபதிப்புகள்தான். அசல் பதிப்புகளின் விலை நம் சம்பளத்துக்கு எட்டாது.

அந்த விலையே ஒரு பாடம். 1977 மார்ச்சில் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவோடு ஏ அண்ட் எம் நிறுவனம் ஒப்பந்தம் போட்டு, சில நாட்களிலேயே முறித்துக்கொண்டது. அச்சாகியிருந்த 'காட் சேவ் தி குயின்' தட்டுகள் சுமார் 25,000. பெரும்பாலானவற்றை நிறுவனமே அழித்தது. தப்பிய சில தட்டுகள் இன்று ஏலத்தில் பல ஆயிரம் பவுண்டுக்குப் போகின்றன. அரசியை எதிர்த்துப் பாடிய பாட்டு, பணம் படைத்தவரின் பெட்டகத்தில் முதலீடாகக் கிடக்கிறது. சந்தை மதிப்பது அந்தத் தட்டு சொன்ன செய்தியை அல்ல, அது அரிதாகிப் போனதைத்தான்.

எங்களைப் பிடித்து நிறுத்தியவை வேறு தட்டுகள். மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு 1976 டிசம்பர் 28 அன்று நான்கு பாடல்களைப் பதிவு செய்தது. தெரிந்தவர்களிடம் சுமார் 500 பவுண்டு கடன் வாங்கி, தாங்களே தொடங்கிய நிறுவனத்தின் பெயரில் 1977 ஜனவரியில் 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' தட்டை வெளியிட்டார்கள். முதல் அச்சு 1,000 பிரதிகள். அவை விற்றுத் தீர, மேலும் பல ஆயிரம் அச்சானது. ஒவ்வொரு பாடலும் எத்தனையாவது முயற்சியில் பதிவானது என்று உறையிலேயே குறித்திருந்தார்கள்.

அடுத்த ஆண்டு லண்டனில் ஸ்க்ரிட்டி பொலிட்டி குழு இன்னும் ஒரு படி மேலே போனது. பதிவுக்கு எவ்வளவு, அச்சுக்கு எவ்வளவு, லேபிளுக்கு எவ்வளவு என்று செலவுக் கணக்கை அப்படியே உறையில் அச்சிட்டது. வாங்குகிறவர் பாட்டு கேட்பதோடு நிற்காமல், தானும் ஒரு தட்டு போட முடியுமா என்று கணக்குப் பார்க்கலாம்.

தோழர்களே, இதை முதலில் படித்தபோது எங்களுக்குத் தொண்டை அடைத்தது. அறிவைப் பூட்டி வைத்துத்தான் சாதி உயிர் வாழ்கிறது என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 'எப்படிச் செய்வது' என்பதை மறைக்காமல் அடுத்தவர் கையில் கொடுப்பது எவ்வளவு பெரிய அரசியல் என்று அந்தக் காகித உறை காட்டியது.

இதற்காகப் பங்க் உலகத்தைப் புனிதமாக்க வேண்டியதில்லை. அதிர்ச்சி கொடுப்பதற்காக சூசி சூவும் சிட் விஷியஸும் நாஜிகளின் சின்னத்தை அணிந்து திரிந்தார்கள். வெளியே நேஷனல் ஃப்ரண்ட் என்ற இனவெறிக் கட்சி வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. அந்தச் சின்னத்துக்குப் பலியான மக்களுக்கு அது விளையாட்டா? இழிவுச் சொற்களைச் 'சும்மா தமாஷுக்கு' என்று சொல்லக் கேட்டு வளர்ந்த நமக்கு விடை தெரியும்.

1976 ஆகஸ்ட்டில் பர்மிங்காம் மேடையில் எரிக் கிளாப்டன் குடியேறிகளுக்கு எதிராகப் பேசினார். அதற்கு எதிர்வினையாக 'ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்' இயக்கம் பிறந்தது. 1978 ஏப்ரல் 30 அன்று டிராஃபல்கர் சதுக்கத்திலிருந்து விக்டோரியா பூங்கா வரை பல்லாயிரம் பேர் நடந்தார்கள். தி க்ளாஷ், ஸ்டீல் பல்ஸ், எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் எல்லாம் அங்கே பாடின. எக்ஸ்-ரே ஸ்பெக்ஸின் பாடகி பாலி ஸ்டைரீன், சோமாலியத் தந்தைக்கும் வெள்ளையினத் தாய்க்கும் பிறந்தவர்.

நான்கு நாள் கழித்து, மே 4 அன்று, கிழக்கு லண்டனில் அல்தாப் அலி என்ற வங்காளித் தையல் தொழிலாளி வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் இனவெறியர்களால் குத்திக் கொல்லப்பட்டார். கச்சேரியால் கொலை நின்றுவிடாது. பத்து நாள் கழித்து ஆயிரக்கணக்கானோர் அவருடைய சவப்பெட்டியின் பின்னால் பிரதமர் இல்லம் இருக்கும் டவுனிங் தெரு வரை நடந்தார்கள். வங்காளி இளைஞர்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது அந்த மரணம்தான். நமக்காகப் பாட வருகிறவர்களை வரவேற்போம். ஆனால் நம் ஊர்வலத்தை நாம்தான் நடத்த வேண்டும்.

எங்களுக்கு இன்னும் கிடைக்காத தட்டு ஒன்று உண்டு. ஏலியன் கல்ச்சர் குழுவில் பாகிஸ்தானியக் குடும்பப் பிள்ளைகள் மூவரும் ஒரு வெள்ளை நண்பரும் இருந்தார்கள். வேறு பண்பாட்டு மக்களால் நாடு மூழ்கிவிடும் என்று மக்கள் அஞ்சுவதாக 1978இல் மார்கரெட் தாட்சர் பேசிய பேச்சை மனதில் வைத்துத்தான் அந்தப் பெயர். 1980இல் ஒரே ஒரு தட்டு வந்தது, அடுத்த ஆண்டு குழு கலைந்தது. நாங்கள் படித்த பங்க் வரலாறுகளில் அவர்கள் பெயர் இல்லை. 2016இல் பிரிட்டிஷ் நூலகம் பங்க் கண்காட்சி வைத்தபோது, பெண்களை விட்டுவிட்டார்கள் என்று தி ஸ்லிட்ஸ் குழுவின் விவ் ஆல்பர்டைன் காட்சிப் பலகையிலேயே அடித்துத் திருத்தி எழுதினார். சேகரிப்பவர் கை எங்கே போகிறதோ அதுதான் வரலாறாக மிஞ்சுகிறது.

இதை எழுதும்போது எங்களுக்கே சுட்டது. எங்களில் ஒருவரின் தெருவில், அம்பேத்கர் பிறந்தநாள் இரவுகளில் பெரியவர்கள் பறையடித்துப் பாடியதைப் பதிந்த கேசட்டுகள் ஒரு பை நிறைய இருந்தன. நாங்கள் லண்டன் தட்டுகளைத் தேடிக்கொண்டிருந்த வருடங்களில்தான் அந்தப் பை பழைய சாமான்களோடு பேரீச்சம்பழத்துக்குப் போனது. பாடியவர்களில் இருவர் இன்று இல்லை.

அதனால் தங்கைக்கு எங்கள் பதில் இதுதான். தட்டுகளை விற்கப்போவதில்லை. ஆனால் இந்த வருடப் பங்குப் பணத்தில் ஒரு கேசட் பிளேயரும், அதைக் கணினியில் பதியத் தேவையான கருவியும் வாங்கியிருக்கிறோம். உங்கள் வீட்டுப் பரணில் பழைய கேசட், துண்டறிக்கை, சுவரொட்டி இருக்கிறதா என்று இந்த ஞாயிற்றுக்கிழமை பாருங்கள். யார் பாடியது, எந்த ஊர், எந்த வருடம் என்று அம்மாவிடமும் பெரியப்பாவிடமும் கேட்டு மேலே எழுதி வையுங்கள். அன்றைக்கு எவ்வளவு செலவானது, காசு யார் கொடுத்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.