நமது குசினியின் விலை பிறக்கும் தெரு

கொழும்பு கோட்டை புகையிரத நிலையத்தில் இறங்கி, ஒல்கொட் மாவத்தையைக் கடந்து புறக்கோட்டைக்குள் நுழைந்தால் குறுக்குத் தெருக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. முதலாவதில் மின்சாரச் சாமான்கள். இரண்டாவதில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடிட்டு நிற்கும் ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசலை அண்ணாந்து பார்க்காமல் எவரும் போவதில்லை. நாலாம் குறுக்குத் தெருவுக்கு வந்துவிட்டோமா என்று யாரிடமும் கேட்கத் தேவையில்லை. மாசி, செத்தல் மிளகாய், கொத்தமல்லி, பழஞ்சாக்கு எல்லாம் கலந்த வாசனை சொல்லிவிடும்.

நமது பெண்கள் புறக்கோட்டைக்கு வருவது பெரும்பாலும் புடவைக் கடைகளுக்காகத்தான். இந்தத் தெருவுக்குள் அவர்கள் நுழைவது குறைவு. ஆனால் அவர்களுடைய அடுப்பில் வேகும் பருப்பு, வெங்காயம், சீனி, மிளகாய் ஆகியவற்றின் மொத்த விலை பேசப்படுவது இங்கேதான். ஊர்ச் சந்தியிலுள்ள சில்லறைக் கடைக்காரரிடம், "என்ன நானா, போன கிழமை இந்த விலை இல்லையே!" என்று நாம் கோபிப்போம். அவர் அந்த விலையை இங்கிருந்துதான் சுமந்து போயிருப்பார்.

காலை வேளையில் லொறிகள் வாய்க்கு வாய் முட்டி நிற்கின்றன. அவற்றினிடையே தலையில் துணிச் சும்மாடும் அதன்மேல் ஐம்பது கிலோ மூடையுமாக நாட்டாமைகள் ஓடுகிறார்கள். நடக்கிறார்கள் என்று எழுத முடியாது, ஓட்டந்தான். ஒதுங்காவிட்டால் தள்ளுவண்டி காலில் ஏறிவிடும்.

மூடைகளில் அச்சிட்டிருப்பதை வாசித்துக்கொண்டு போனாலே பூகோள பாடம் படிக்கலாம். மைசூர்ப் பருப்பு மூடையில் கனடா, அவுஸ்திரேலியா. ஏழையின் கறி என்று நாம் சொல்லும் பருப்பு இந்நாட்டில் விளைவதில்லை. டொலர் கொடுத்தால்தான் கப்பல் ஏறும். 2020 மார்ச்சில் அரசாங்கம் ஒரு கிலோவுக்கு 65 ரூபா என்று உச்ச விலை விதித்தது. 2022 மார்ச்சில் ரூபாவின் பெறுமதியை மிதக்க விட்டார்கள். ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் இரண்டு மாதத்தில் 360 ஐத் தாண்டிற்று. பருப்பும் ஐந்நூறைத் தாண்டிற்று. அந்த மார்ச்சிலேயே ஒரு கிலோ பால்மா 1,945 ரூபா. பிள்ளைக்குப் பால் கரைத்த தாய்மார் கரண்டியின் தலையைத் தட்டி அளந்த காலம் அது.

பெரிய வெங்காயத்தின் கதை வேறு. 2023 டிசம்பரில் இந்தியா ஏற்றுமதியைத் தடை செய்தது, தன் மக்களுக்கு விலை ஏறாதிருக்க. டெல்லியில் ஓர் அறிவித்தல். இங்கே நமது தாளிதச் சட்டியில் வெங்காயம் பாதியாயிற்று. 2024 மே மாதத்தில்தான் தடை நீங்கியது.

சீனியோ நம்மவரின் பேனா முனையில் ஏறி இறங்கும் பொருள். 2020 ஒக்டோபரில் கிலோவுக்கு 50 ரூபாவாக இருந்த விசேட வர்த்தகப் பண்ட வரியை 25 சதமாக்கினார்கள். தேநீர்க் கோப்பைக்கு அந்தச் சலுகை வந்து சேரவில்லை என்று பாராளுமன்றம் வரை பேச்செழுந்தது. 2023 நவம்பரில் அதே வரியை மீண்டும் 50 ரூபாவாக்கியபோது, அது கடைக்கு வந்துசேர அதிக நாள் எடுக்கவில்லை! வரி ஏறும்போது இருக்கும் கால் இறங்கும்போது முடமாகிவிடுவது ஏனோ?

எல்லாவற்றுக்கும் டொலரைக் குற்றஞ்சொல்லவும் முடியாது. தென்னை நம்முடையது, 2024 இன் இறுதியில் ஒரு தேங்காய் 200 ரூபாவைத் தொட்டது. சுற்றிவரக் கடல், 2025 இல் மழையால் உப்பளங்கள் கெட்டு, இந்தியாவிலிருந்து உப்பு இறக்கினோம்.

ஒரு மொத்தக் கடையில் சற்று நின்றேன். கண்டிப் பக்கத்திலிருந்து சாமான் எடுக்க வந்த இளைஞர் ஒருவர் கேட்டார்: "பணவீக்கம் கொறஞ்சிட்டு எண்டு ரேடியோவுல செல்றாங்க. அப்ப சாமான் ஏன் நானா எறங்கல்ல?"

கல்லாவில் இருந்த முதியவர் கொப்பியிலிருந்து தலை எடுக்காமலே சொன்னார்: "ஏணியில ஓடி ஏறினவன் இப்ப மெதுவா ஏறுறான் மவன். எறங்கினான் எண்டு ஆரு சென்ன?"

பொருளியல் புத்தகம் பல பக்கங்களில் சொல்வது இதுதான். 2022 செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 வீதம், உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அதாவது முந்திய வருடம் நூறு ரூபாவுக்கு வாங்கிய சாப்பாட்டுச் சாமான் ஏறத்தாழ நூற்றுத் தொண்ணூற்றைந்து ரூபா. 2023 ஜூலையில் பணவீக்கம் 6.3 வீதத்துக்கு வந்தது என்றால், ஏறிய அந்த உயரத்துக்கு மேல்தான் அந்த ஆறு வீதமும். பருப்பு போன்ற சில பொருட்கள் உச்சியிலிருந்து இறங்கியது உண்மை. 2019 இல் நின்ற படிக்கு அவை திரும்பவில்லை. சம்பளமும் அதே ஏணியில் ஏறியிருந்தால் இந்தக் கேள்வியே எழாது.

கண்டி இளைஞர் முன்பு பத்து மூடை எடுத்த காசுக்கு இப்போது ஐந்துதான் எடுக்கிறாராம். ஊரில் அவரிடம் கிலோக் கணக்கில் வாங்கியவர்கள் கால் கிலோ கேட்கிறார்கள். நூறு கிராம், ஐம்பது கிராம் பைகள் கட்டி வைப்பதே இரவு வேலை என்றார். கடன் கொப்பி மட்டும் தடித்துக்கொண்டு போகிறது.

வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நாட்டாமை ஒருவர் இதைக் கேட்டுச் சிரித்தார். அவருக்கு மூடைக் கணக்கில் கூலி. "வெல ஏறினா மூட கொறையும். மூட கொறஞ்சா எங்கட கூலி கொறையும். அந்தக் கூலிய வச்சித்தான் அந்தச் சாமான நாங்களும் வாங்கணும்" என்றார். விலையேற்றத்தைப் பற்றி எத்தனையோ பேச்சுகள் கேட்டிருக்கிறேன். சாமானைச் சுமப்பவனை அது இரண்டு பக்கமும் வெட்டுகிறது என்பதை எவரும் சொல்லவில்லை. நாள் முழுவதும் பருப்பு மூடை சுமப்பவர், மாலையில் தம் வீட்டுச் சந்திக் கடையில் கால் கிலோப் பருப்பைச் சில்லறை விலைக்கு வாங்குகிறார்.

இத்தெருவுக்கு வர விரும்பும் இல்லத்தரசிகளுக்கு ஒரு வார்த்தை. ஞாயிறு, போயா தினங்களில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சில கடைகளில் ஐந்து கிலோ, பத்து கிலோ என்றும் தருகிறார்கள். அயல் வீட்டார் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு மூடையாக எடுத்துப் பங்கிட்டால் பஸ் காசு போகவும் மிச்சம் உண்டு. வாங்குமுன் நாலு கடையில் விலை கேளுங்கள். கேட்பதற்கு இங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை. தள்ளுவண்டிக்கு மட்டும் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.