ரெக்கார்டு நோட்டும் ஒரு ரிட் மனுவும்

கல்லூரி மாணவர்களின் வழக்கு என்றால் பெரும்பாலும் மூன்று வகைதான். கட்டணத்தைத் திருப்பித் தரவில்லை, அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்திருக்கிறார்கள், வருகைப் பதிவு போதவில்லை. 2019ஆம் ஆண்டு பருவத் தேர்வுகள் நெருங்கிய நேரத்தில் என்னிடம் வந்த வழக்கு இந்த மூன்றிலும் சேராது.

அது ஓர் அரசு உதவி பெறும் கல்லூரி. பெயர் வேண்டாம். முதல்வர் கையெழுத்திட்ட ஒரு பக்க உத்தரவில் இரண்டே விஷயங்கள் இருந்தன. பிறர் உதவியுடன் வேதியியல், விலங்கியல் ரெக்கார்டு நோட்டுகளை எழுதியதால் இரண்டாம் ஆண்டு மாணவியர் நால்வர் செய்முறைத் தேர்வுக்கு அனுமதிக்கப்பட மாட்டார்கள். அவர்களுக்கு உதவிய மூன்றாம் ஆண்டு மாணவி விடுதியிலிருந்து உடனடியாக நீக்கப்படுகிறார். என்ன விதி, யார் விசாரித்தார்கள், எப்போது விசாரித்தார்கள் என்று ஒரு சொல்கூட இல்லை.

ஐந்து பேரில் இருவர்தான் நீதிமன்றத்துக்கு வரத் துணிந்தார்கள். ஒருத்தி விலங்கியல் படிக்கும் ஜூனியர். இன்னொருத்தி வேதியியல் படிக்கும் அந்த சீனியர். மற்ற மூன்று வீடுகளிலும், "கல்லூரியோட மோத வேணாம், அடுத்த வருஷம் அரியர் எழுதிக்கலாம்" என்று முடிவு செய்துவிட்டார்கள். ஜூனியரின் அம்மா சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்ப்பவர். நாற்காலியில் உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. "எம்புள்ள களவாங்கலய்யா. புரியலன்னு அந்த அக்காகிட்டக் கேட்டுப் படிச்சா. அதுவும் ஒரு தப்பாய்யா?" என்றார். வழக்கு முழுவதும் அந்தக் கேள்விக்குள்தான் இருந்தது.

நடந்தது இதுதான். விலங்கியல் பட்டப்படிப்பில் வேதியியல் துணைப்பாடம்; 'அலைடு' என்பார்கள். அந்த மாணவியர் நால்வரும் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவர்கள். கல்லூரியில் பாடம் நடத்துவதும் ஆங்கிலத்தில், ரெக்கார்டு எழுதுவதும் ஆங்கிலத்தில். நார்மாலிட்டி, ஈக்விவலன்ட் வெயிட் என்ற இடத்திலேயே கணக்கு நின்றுவிடும். சீனியர் மாணவி விடுதியில் இரவுச் சாப்பாடு முடிந்ததும் மெஸ் ஹாலில் உட்கார்ந்து அவர்களுக்குத் தமிழில் சொல்லிக் கொடுத்தாள். வேதியியல் முடிந்ததும் செல் உயிரியல் படங்களுக்குப் பெயர் குறிக்கவும் உதவினாள். ஜெராக்ஸ் எடுக்க ஆளுக்கு இருபது ரூபாய் வாங்கியிருக்கிறாள். அதைத்தான் கல்லூரி, 'பணம் பெற்றுக்கொண்டு ரெக்கார்டு எழுதித் தந்தார்' என்றது.

அதே கல்லூரியின் வாசலில் உள்ள கடைகளில் பக்கத்துக்கு இவ்வளவு என்று ரெக்கார்டு எழுதிக் கொடுப்பது ஊருக்கே தெரியும். காசு கொடுத்து அங்கே வாங்குகிற பிள்ளை மாட்டுவதில்லை. டியூஷன் சென்டருக்குப் போகிற பிள்ளையையும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. மெஸ் ஹாலில் இலவசமாகக் கேட்டுப் படித்த பிள்ளைகள்தான் மாட்டினார்கள்.

எனக்குப் பெரிய தலைவலியாக இருந்தது உத்தரவல்ல, மன்னிப்புக் கடிதங்கள். ஐவரிடமும் துறை அறையில் வைத்து எழுதி வாங்கியிருந்தார்கள். ஐந்தும் ஆங்கிலத்தில், ஐந்தும் ஒரே வாசகத்தில்: 'காப்பி அடித்ததை ஒப்புக்கொள்கிறேன்.' ஜூனியரிடம் அதை வாசித்துப் பொருள் சொல்லச் சொன்னேன். இரண்டாவது வரியில் திணறினாள். "சார் சொல்லச் சொல்ல எழுதினோம். எழுதிக் கொடுத்தா விட்டுருவோம்னாங்க" என்றாள். மாணவர்கள் மேல் வரும் நடவடிக்கைகளில் இது வழக்கமான உத்தி. முதலில் கடிதம் வாங்குவார்கள். பிறகு அந்தக் கடிதத்தையே சாட்சியமாக வைத்துத் தண்டனை கொடுப்பார்கள்.

மனு தயாரிக்கும் முன் ரெக்கார்டு நோட்டுகளையும், ஆய்வகத்தில் அளவுகளை அவ்வப்போது குறிக்கும் அப்சர்வேஷன் நோட்டுகளையும் வாங்கி மேசையில் பரப்பினேன். நான் படித்தது வணிகவியல். அதனால் வேதியியலை அந்தச் சீனியரே எனக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதாயிற்று. பியூரெட்டில் பொட்டாசியம் பர்மாங்கனேட். கூம்புக் குடுவையில் ஃபெரஸ் சல்பேட் கரைசலும் நீர்த்த கந்தக அமிலமும். சொட்டுச் சொட்டாக விடும்போது ஊதா நிறம் மறைந்துகொண்டே வரும். ஏதோ ஒரு சொட்டில் வெளிர் இளஞ்சிவப்பு மறையாமல் நின்றுவிட்டால் அதுதான் முடிவுநிலை. தனியாக நிறங்காட்டி எதுவும் வேண்டாம், பர்மாங்கனேட்டே தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும். கரைசல் அடர்நிறமாக இருப்பதால் பியூரெட்டில் கீழ் வளைவு கண்ணுக்குத் தெரியாது, மேல் விளிம்பைப் பார்த்துத்தான் அளவெடுக்க வேண்டும். ஜூனியரின் அப்சர்வேஷன் நோட்டில் இதைத் தமிழில் பென்சிலால் ஓரத்தில் எழுதி வைத்திருந்தாள்.

வழக்குக்கு வேண்டிய விஷயம் அந்தச் சோதனையிலேயே இருந்தது. எல்லோருக்கும் ஒரே கரைசலைத் தருவதில்லை. ஒவ்வொருவரின் ஸ்டாண்டர்டு ஃபிளாஸ்க்கிலும் வெவ்வேறு அளவு ஊற்றித் தருவார்கள். யாருக்கு எத்தனை மில்லி என்பது ஆசிரியரின் குறிப்பேட்டில் மட்டும் இருக்கும். மாணவி அதை 100 மில்லியாக்கி, டைட்ரேஷன் செய்து, கொடுத்த ஃபெரஸ் சல்பேட் எத்தனை கிராம் என்று கண்டுபிடிக்க வேண்டும். அதாவது, செய்முறை விளக்கமும் கணக்குப் படிகளும் எல்லா நோட்டிலும் ஒன்றாக இருக்கலாம். பியூரெட் அளவுகள் ஒன்றாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். நான்கு நோட்டுகளையும் ஒப்பிட்டேன். செய்முறை வாசகம் வரிக்கு வரி ஒன்று. அளவுகளோ நான்கும் நான்கு விதம். ஒவ்வொரு நாளின் அளவுக்குக் கீழும் அப்சர்வேஷன் நோட்டில் ஆசிரியரின் சுருக்கொப்பமும் தேதியும் இருந்தன. அந்தச் சோதனைகளை அந்தந்த மாணவிதான் செய்திருக்கிறாள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

விலங்கியல் நோட்டில் நிலைமை அவ்வளவு சுத்தமாக இல்லை. வெங்காய வேர் நுனியை அசிட்டோகார்மைனில் சாயமேற்றி, நசுக்கி, நுண்ணோக்கியில் செல் பிரிதலின் நிலைகளைப் பார்த்து வரைய வேண்டும். என் கட்சிக்காரரின் நோட்டில் மூன்று பக்கங்களில் இருந்த படங்கள் சீனியரின் கையால் வரைந்தவை. கோடு போடும் விதத்திலேயே தெரிந்தது. கேட்டதும் ஒப்புக்கொண்டாள்: "எனக்குப் படம் வராதுய்யா. அக்கா போட்டுக் குடுத்தாங்க."

சில நண்பர்கள் அதைப் பற்றி மனுவில் எதுவும் சொல்ல வேண்டாம் என்றார்கள். நான் உறுதிமொழிப் பத்திரத்திலேயே எழுதினேன். கையெழுத்தை ஒப்பிட்டால் எதிர்த்தரப்பு எப்படியும் சொல்லப் போகிற விஷயம். அதை நாமே சொன்னால்தான் மற்றதை நீதிபதி நம்புவார்.

மதுரை ஒத்தக்கடையில் உள்ள உயர் நீதிமன்றக் கிளையில், அரசியல் சட்டத்தின் 226ஆவது பிரிவின் கீழ் இரண்டு ரிட் மனுக்கள் தாக்கல் செய்தோம். தேர்வுத் தேதி நெருங்கிவிட்டதால் அன்று பிற்பகலே அவசரமாக விசாரிக்கும்படி லஞ்ச் மோஷன் கேட்டு அனுமதி பெற்றோம். நீதிபதி இடைக்கால உத்தரவு எதுவும் தரவில்லை. இடைக்கால உத்தரவில் தேர்வெழுத விட்டுவிட்டுப் பிறகு அனுதாபம் கேட்பதை உச்ச நீதிமன்றம் பலமுறை கண்டித்திருக்கிறது. "நாளைக்கே முழுசா கேட்டுடலாம். டைட்ரேஷன் ரெஜிஸ்டரோட வாங்க" என்று கல்லூரியின் வழக்கறிஞரிடம் சொன்னார்.

மறுநாள் கல்லூரித் தரப்பு மூன்று வாதங்களை வைத்தது.

முதலாவது, தனியார் கல்லூரி மேல் ரிட் மனு செல்லாது. இதற்கு 1989இல் ஆண்டி முக்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது. அறக்கட்டளை நடத்துகிற கல்லூரியானாலும் பொதுக் கடமையைச் செய்தால் அதன் மேல் ரிட் செல்லும். அதுவும் ஓர் அறக்கட்டளைக் கல்லூரியின் வழக்குதான். நீதிபதி இந்த இடத்தில் நிற்கவே இல்லை.

இரண்டாவது, கூட்டாகக் காப்பி அடித்தால் ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரிக்க வேண்டியதில்லை. இதற்கு 1970ஆம் ஆண்டின் பீகார் பள்ளித் தேர்வு வாரியம் வழக்கைக் காட்டினார்கள். நல்ல தீர்ப்புதான், ஆனால் இங்கே பொருந்தாது. அங்கே ஒரு தேர்வு மையம் முழுவதன் தேர்வும் ரத்தானது, யாரையும் பெயர் சொல்லிக் குற்றவாளியாக்கவில்லை. இங்கே ஐந்து பெயர்களைத் தனியாக எடுத்து எழுதியிருக்கிறார்கள். பெயர் சொல்லிக் குற்றம் சாட்டினால், தண்டிப்பதற்கு முன் அவர் தரப்பைக் கேட்டாக வேண்டும். இதை உச்ச நீதிமன்றம் 1962இலேயே உத்தரப் பிரதேசக் கல்வி வாரியம் எதிர் கன்ஷியாம் தாஸ் குப்தா வழக்கில் சொல்லிவிட்டது. தேர்வு முறைகேடு பற்றி முடிவெடுக்கும் குழு நீதிமன்றம் போன்ற கடமையைச் செய்கிறது, ஆகவே மாணவரின் விளக்கத்தைக் கேட்க வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பு.

மூன்றாவது வாதத்தைத்தான் அவர்கள் பலமாக நம்பியிருந்தார்கள். கருத்துத் திருட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த ஒழுங்குமுறை விதிகள். அவற்றின்படி ஒற்றுமை 60 சதவீதத்தைத் தாண்டினால் கடுமையான நடவடிக்கை உண்டு என்றார்கள். விதிகளின் வரையறைப் பகுதியை நீதிபதியிடம் எடுத்துக் கொடுத்தேன். அவை முதுநிலை, ஆராய்ச்சிப் பட்டங்களுக்கான ஆய்வேடுகளுக்கும் வெளியிடப்படும் கட்டுரைகளுக்கும் உரியவை. அசைன்மென்ட், புராஜெக்ட் அறிக்கை, பாடத்திட்டப் பணிகள், விடைத்தாள் ஆகியவை அவற்றில் அடங்கா என்று அங்கேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இளங்கலை மாணவியின் ரெக்கார்டு நோட்டுக்கும் அந்த விதிகளுக்கும் சம்பந்தமே இல்லை. அந்த விதிகளே கூட, விசாரிக்கும் குழு இயற்கை நீதியைப் பின்பற்ற வேண்டும் என்றுதான் சொல்கின்றன.

பிறகு நீதிபதி ரெஜிஸ்டரைக் கேட்டு வாங்கினார். யாருக்கு எத்தனை மில்லி ஊற்றப்பட்டது என்ற பட்டியலையும் மாணவி கண்டுபிடித்த விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். என் கட்சிக்காரரின் விடைகளில் இரண்டு சரியாக இருந்தன. ஒன்று நன்றாகவே தவறியிருந்தது. "காப்பி அடிக்கிறவங்க தப்பான விடையை ஏன் எழுதப் போறாங்க?" என்று கல்லூரி வழக்கறிஞரைக் கேட்டார். அவர் மன்னிப்புக் கடிதத்தைக் காட்டினார். ஐந்து கடிதங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்த நீதிபதி, "காப்பி அடிச்சது இந்த அஞ்சுந்தான்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மூன்று படங்களைப் பற்றி எங்களையும் விடவில்லை. "சொல்லிக் கொடுக்கறது வேற, போட்டுக் கொடுக்கறது வேற. அதுக்கு என்ன சொல்றீங்க?" என்றார். அந்தப் பக்கங்களை ஆய்வகத்தில் ஆசிரியர் முன்னிலையில் மறுபடி வரையத் தயார் என்று சொன்னேன். இந்த வழக்கில் எல்லையைச் சரியாக வரைந்தது நீதிபதியின் அந்த ஒரு வாக்கியம்தான். கணக்கைப் புரியவைப்பதும் படத்தில் எந்தப் பாகம் எது என்று காட்டுவதும் உதவி. மாணவி செய்ய வேண்டியதை இன்னொருத்தி செய்து கொடுப்பது உதவி ஆகாது. கல்லூரி இந்த எல்லையை எங்கும் எழுதி வைத்ததும் இல்லை, வகுப்பில் சொன்னதும் இல்லை.

இரண்டு மனுக்களிலும் ஒரே உத்தரவு பிறந்தது. நோட்டீஸும் விசாரணையும் இல்லாததால் முதல்வரின் உத்தரவு ரத்து. ஜூனியர் மூன்று படங்களையும் ஆய்வகத்தில் வரைந்து கொடுத்த பின் ரெக்கார்டில் கையெழுத்திட்டுச் செய்முறைத் தேர்வுக்கு அனுமதிக்க வேண்டும். அந்தப் பக்கங்களுக்கு என்ன மதிப்பெண் என்பது ஆசிரியரின் முடிவு. சீனியரை விடுதியில் மீண்டும் சேர்க்க வேண்டும். கல்லூரி விரும்பினால் உரிய நோட்டீஸ் கொடுத்துப் புதிதாக விசாரிக்கலாம். கல்லூரி அப்படி எந்த நோட்டீஸும் அனுப்பவில்லை.

ஜூனியர் இரண்டு செய்முறைத் தேர்விலும் தேறினாள். சீனியர் அந்த ஆண்டே பட்டம் முடித்தாள். நீதிமன்றத்துக்கு வராத மூவருக்கு இந்த உத்தரவு உதவவில்லை. உத்தரவு மனுதாரர்களுக்கு மட்டும்தான் என்று கல்லூரி நின்றுவிட்டது. அவர்கள் மறு ஆண்டு அரியராகத்தான் எழுதினார்கள்.

கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். ரெக்கார்டு எழுதுவதில் எந்த உதவி சரி, எது தவறு என்று ஒரு பக்கத்தில், தமிழில், முதல் பருவத்திலேயே எழுதிக் கொடுங்கள். பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டியது மூன்று. ஆசிரியர் சுருக்கொப்பமிட்ட அப்சர்வேஷன் நோட்டைத் தேர்வு முடிவு வரும்வரை பத்திரமாக வைத்திருங்கள். குற்றச்சாட்டை எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். படித்துப் புரிந்துகொள்ளாத எந்த மன்னிப்புக் கடிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.