வெட்டிவேர் அக்கா, மரிக்கொழுந்து தங்கை

ராஜீவ் மேனனின் ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ (2000) எனக்கு முதலில் அக்கா தங்கை படம், காதலெல்லாம் அப்புறம்தான். சொந்த வீட்டை இழந்து சென்னைக்கு வந்தபிறகும் ஒருவரையொருவர் விடவில்லையே அந்த இருவரும்! அந்தப் பாசம் எங்கள் கூடத்திலும் மணக்கட்டும் என்று அக்காவும் நானும் ஒரு சாம்பிராணிக் கலவை செய்தோம்.

தபு நடித்த சௌம்யாவுக்கு வெட்டிவேர். அடக்கமான மண்வாசம், மெதுவாக எழும், நெடுநேரம் நிற்கும். ஐஸ்வர்யா ராயின் மீனாட்சிக்குப் பன்னீர் ரோஜாவும் மரிக்கொழுந்தும். பூவாசம் சட்டென ஆவியாகிவிடும். வேரிலுள்ள கனமான எண்ணெய்தான் அதைப் பிடித்து வைக்கும். அதனால் வெட்டிவேர் மட்டும் இரண்டு பங்கு. எல்லாவற்றையும் நிழலில்தான் உலர்த்தவேண்டும், வெயில் வாசத்தைத் தின்றுவிடும்.

தணலில் ஒரு சிட்டிகை போட்டதும் அக்கா ஆழ்ந்து முகர்ந்தாள். மரிக்கொழுந்தை இன்னும் கூட்டச் சொன்னாள். கூட்டிவிட்டேன்.