அது என் த்ரோடா!

போன வாரம் ஆபீசுல ஆணி கொஞ்சம் கம்மி. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அபார்ட்மெண்ட் பேஸ்கட்பால் கோர்ட்டுல தனியா பந்தைத் தட்டிக்கிட்டு இருந்தேன். மூணாங்கிளாஸ் படிக்கிற ஒரு பொடியன் வந்து கேட்டான். "அங்கிள், ஃப்ரீ த்ரோ போடும்போது மட்டும் ஏன் யாருமே தடுக்க மாட்டேங்கிறாங்க? அப்ப அது ரொம்ப ஈஸிதானே?"

அங்கிளா? சரி, இருபத்தெட்டு வயசுல பொட்டி தட்டித் தட்டி தொப்பை போட்டவனுக்கு இது தேவைதான் :-)

ஆனா "ஈஸியா"ன்னு கேட்டான் பாருங்க, அங்க சுத்த ஆரம்பிச்சது கொசுவத்தி.

முதல்ல தெரியாதவங்களுக்காக விதிமுறை. பந்தை ரிங்குல போட முயற்சி பண்றவனை ஃபவுல் பண்ணி, பந்து விழலைன்னா அவனுக்கு ரெண்டு ஃப்ரீ த்ரோ. மூணு பாயிண்ட் கோட்டுக்கு வெளியே இருந்து போட்டிருந்தா மூணு. ஃபவுலையும் மீறி பந்து விழுந்துட்டா, அந்தப் பாயிண்டோட போனஸா ஒண்ணு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பாயிண்ட். அது போக, ஒரு குவார்ட்டர்ல ஒரு டீம் நாலு ஃபவுல் பண்ணிட்டா, அஞ்சாவதுல இருந்து எதிராளிக்கு ரெண்டு ரெண்டா கிடைக்கும். போர்டுல இருந்து கோடு 4.6 மீட்டர் தள்ளி, ரிங் 3.05 மீட்டர் உயரத்துல. ரெஃப்ரி பந்தைக் கையில குடுத்த அஞ்சு செகண்டுக்குள்ள போடணும். பந்து ரிங்கைத் தொடுற வரைக்கும் கால் கோட்டைத் தொடக் கூடாது. போடுற மாதிரி ஏமாத்தவும் கூடாது.

யாரும் தடுக்க மாட்டாங்கதான். மொத்த மைதானமும் உங்களையே பாத்துக்கிட்டு நிக்கும். அவ்வளவுதான்.

2013. அப்போ நான் பதினொண்ணாவது. வீடு பழங்காநத்தம். நானும் நெட்டையும் (பட்டப்பேர்தான், ஆறடி ரெண்டங்குலம்) தினமும் காலையில அஞ்சரைக்கு சைக்கிளை மிதிச்சு பள்ளிக்கூட கிரவுண்டுக்குப் போயிருவோம். நான் குள்ளம். மேட்ச்னா எனக்கு பெஞ்சுதான். அந்தக் கடுப்புல ஃப்ரீ த்ரோவா போட்டுப் பழகி, பத்துக்கு எட்டு விழ வைப்பேன். நெட்டை அதுக்கு நேர் எதிர். ரிங்குக்குக் கீழ பந்து கிடைச்சா ராஜா, கோட்டுல நின்னா பத்துக்கு மூணு.

ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். ஸ்டேடியத்துல மேட்ச். நாலு செகண்ட் பாக்கி, 41-42, நாங்க ஒரு பாயிண்ட் கம்மி. நெட்டை உள்ள புகுந்து எகிறினான், ஒருத்தன் கையில அடிச்சான். விசில். ரெண்டு ஃப்ரீ த்ரோ.

எங்க பி.டி. சார் பெஞ்சுல இருந்து கத்தலை. கண்ணாலயே அவனைக் கூப்பிட்டு, தன் கணுக்காலைத் தொட்டுக் காட்டினார். எங்க எல்லாருக்கும் புரிஞ்சிருச்சு. அடிபட்டு ஆட முடியாதவன் வெளிய போனா, அவனுக்குப் பதிலா இறங்குறவன்தான் ஃப்ரீ த்ரோ போடணும். இதுவும் விதிதான்.

நெட்டை ரிங்கை ஒரு தடவை பாத்தான். சாரை ஒரு தடவை பாத்தான். அப்புறம் காலைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டான்.

நான் இறங்கினேன். ரெண்டும் உள்ளே. 43-42. என்னைத் தூக்கிட்டு ஓடினாங்க. மேட்ச் பாக்கவே வராத எங்கப்பா அன்னைக்குன்னு பாத்து வந்திருந்தார். வாழ்க்கையில எங்கப்பா கை தட்டி நான் பாத்தது அந்த ஒரு தடவைதான்.

திரும்பி வரும்போது தோத்த ஸ்கூல் பசங்களும் அதே ரோட்டுல வந்தாங்க. அதனால நெட்டை சைக்கிளைத் தள்ளிக்கிட்டு நொண்டிக்கிட்டே வந்தான். தமுக்கம், கோரிப்பாளையம், ஏ.வி. பாலம் மொத்தமும் நொண்டினான். சிம்மக்கல் தாண்டி அவனுங்க வேற பக்கம் திரும்பினதும் ஏறி மிதிச்சவன், எனக்காக நிக்கவே இல்லை. பழங்காநத்தம் ரவுண்டானாவுல டீம் மொத்தமும் பரோட்டா சாப்பிட்டப்ப அவன் வரலை.

அதே வருஷம் ஏப்ரல் 12. கோபி பிரையன்ட்டுக்கு ஆட்டத்துல குதிகால் நரம்பு அறுந்து போச்சு. ஃபவுல் அவர் மேல. அந்தக் காலோட கோட்டுக்கு வந்து நின்னு, ரெண்டையும் போட்டுட்டு, தானே நடந்து வெளிய போனார். என்.பி.ஏ.வுல விதி வேற. அடிபட்டவன் போடலைன்னா, கோர்ட்டுல இருக்கிற மத்த நாலு பேர்ல யார் போடணும்னு எதிர் டீம் கோச்தான் சொல்லுவார். எங்க சார் வித்தை அங்க பலிக்காது. அந்த வீடியோவை நெட்டை என் வீட்டு கம்ப்யூட்டர்ல மூணு தடவை ஓட விட்டான். ஒரு வார்த்தை பேசலை.

பின்னாடி ஒரு நாள் படிச்சேன். 1891-ல் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கினப்போ ஃப்ரீ த்ரோவே கிடையாது. ஒரு டீம் வரிசையா மூணு ஃபவுல் பண்ணினா எதிர் டீமுக்கு ஒரு கோல், அவ்வளவுதான். 1894-ல்தான் ஃப்ரீ த்ரோ வந்தது. அப்பவும் யார் அடி வாங்கினாலும், டீம்ல நல்லாப் போடுற ஒருத்தனே வந்து எல்லாத்தையும் போட்டுக்கலாம். 1924 வாக்கில்தான் அதை மாத்தினாங்க: அடி வாங்கினவன்தான் போடணும்.

ஏன் மாத்தினாங்கன்னு புஸ்தகத்தைப் பாத்து எனக்குப் புரியலை. நெட்டை சொல்லித்தான் புரிஞ்சது.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். நெட்டை இப்போ டூவீலர் உதிரி பாகக் கடை வச்சிருக்கான். டீ குடிச்சுக்கிட்டே பல வருஷமா தொண்டையில நின்னதைக் கேட்டுட்டேன். "அன்னைக்கு நீயே போட்டிருந்தா விழுந்திருக்குமாடா?"

"தெரியலைடா. அதான் பிரச்சனையே. போட்டுத் தோத்திருந்தாக்கூட தெரிஞ்சிருக்கும். அடி வாங்கினது நானு. அது என் த்ரோடா."

எனக்குப் பேச்சு வரலை. எங்கப்பா கை தட்டினதுல பாதி அவனோடதுன்னு பட்டுச்சு.

மறுநாள் காலையில அவனைக் கிளப்பி பழைய கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். கோட்டுல நிக்க வச்சு பந்தைக் கையில குடுத்தேன். "41-42. நாலு செகண்ட். ரெண்டு த்ரோ."

முறைச்சான். அப்புறம் சிரிச்சான். அப்புறம் சிரிக்கலை.

முதல் பந்து ரிங்குல பட்டு வெளிய போச்சு. ரெண்டாவதுக்கு நாலு செகண்ட் எடுத்துக்கிட்டான், நான் எண்ணினேன். போர்டுல பட்டு, ரிங்கை ஒரு சுத்து சுத்தி, உள்ளே விழுந்தது.

"42-42" என்றேன்.

"அப்ப ஓவர்டைம். அஞ்சு நிமிஷம். வாடா" என்றான்.

ரெண்டு நிமிஷத்துலயே ரெண்டு பேருக்கும் மூச்சு வாங்கிருச்சு. ஜெயிச்சது யாருன்னு இங்க சொல்றதா இல்லை :-)

பொடியன் இன்னும் பதிலுக்கு நின்னுக்கிட்டு இருந்தான். பந்தை அவன் கையில குடுத்து, கோட்டைக் காட்டினேன்.

"நீயே போட்டுப் பாரு தம்பி."