விழுந்தெழும் அழகு

“நாற்பதைத் தாண்டிய ஆசிரியருக்கு இந்தப் பித்து எதற்கு?” என்று நம் இல்லத்தார் கேட்காத நாளில்லை. இரவில் விடைத்தாள்களைத் திருத்தி முடித்ததும், கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு சக்கரப் பலகை வீரர்களின் காணொளிகளுக்கு முன் அமர்ந்துவிடுகிறோம். ஸ்கேட்போர்ட் என்று உலகம் அழைக்கும் அந்தப் பலகையில் நாம் ஒருநாளும் கால் வைத்ததில்லை. ஆயினும் ஹட்டன் மலைச்சரிவிலே வளர்ந்தவர்கள் நாம். சிறுவயதில் பழைய பெயாரிங்குகளைப் பலகையிற் பூட்டித் தேயிலைத் தொழிற்சாலைப் பாதையில் உருண்டு இறங்கியதுண்டு. முழங்காலிலுள்ள தழும்பு அதற்குச் சாட்சி.

இப்பித்தை நமக்குத் தொற்றவைத்தவன் நம் வகுப்பு மாணாக்கன் ஒருவன். அவனுக்கும் நமக்கும் இவ்விஷயத்தில் ஓயாத வழக்கு. அவன் கணக்குப் பார்ப்பவன். எத்தனை படிகளைத் தாண்டினார், எத்தனை சுற்றுச் சுழன்றார் என்பதே அவனுக்கு முக்கியம். 1999ஆம் ஆண்டு எக்ஸ் கேம்ஸ் போட்டியில் டோனி ஹோக் அந்தரத்தில் இரண்டரைச் சுற்று, அதாவது 900 பாகை, சுழன்று இறங்கிய காட்சியை அவன் எத்தனை முறை பார்த்தானோ தெரியாது.

நம் அபிப்பிராயம் வேறு. வித்தையைவிட அதைச் செய்யும் பாங்கே பெரிதென்பது நம் கட்சி. ‘ஒல்லி’ என்னும் அடிப்படை வித்தையையே பாருங்கள். அதை 1970களின் பிற்பகுதியில் அலன் கெல்ஃபண்ட் என்ற அமெரிக்க இளைஞர் வளைந்த சுவர்களிலே செய்துகாட்டினார். 1980களின் தொடக்கத்தில் ரொட்னி மல்லன் அதனைச் சமதரைக்குக் கொண்டுவந்தார். பின்னங்கால் பலகையின் வாலைத் தரையில் அறைய, முனை மேலெழும்புகிறது. முன்னங்கால் உரசிக்கொண்டு முன்னே சென்று பலகையைச் சமப்படுத்துகிறது. கை தொடுவதில்லை, எனினும் பாதத்தோடு ஒட்டியதுபோலப் பலகை உயர்கிறது!

இதே ஒல்லியை இருவர் செய்வர். ஒருவர் கைகளை வீசித் தத்தளித்து இறங்குவார். மற்றவரோ, மதிலிலிருந்து குதிக்கும் பூனையைப் போல, முழங்காலை மடித்து ஓசையின்றி இறங்கி, ஒன்றும் நடவாதவர்போல அப்பாற் செல்வார். உயரம் ஒன்றாயினும் அழகு ஒன்றாகுமா? ஜப்பானிய வீரர் யூட்டோ ஹொரிகொமேயை நாம் விரும்புவது இதனாலேதான். டோக்கியோ ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு முதன்முறையாக இடம்பெற்றபோது, 2021இல், வீதிப் பிரிவுத் தங்கத்தை வென்றவர் அவர். 2024இல் பாரிஸிலும் இடையிலே தவறி விழுந்தார். கடைசி முயற்சியில் 97.08 புள்ளி பெற்று மீண்டும் தங்கம் வென்றார். அந்த நெருக்கடியிலும் அவர் உடலில் பதற்றம் தெரியவில்லை.

நம்மவர் ஒருவரும் இக்கலையில் உண்டு. மாமல்லபுரத்துச் சிறுமி கமலி மூர்த்தி, சட்டைப் பாவாடையும் வெறுங்காலுமாகப் பலகையேறிய படம் உலகெங்கும் பரவியது. அவரையும் அவர் தாயாரையும் பற்றி 2019இல் வெளிவந்த ‘கமலி’ என்ற குறும்படம் 2020இல் பிரித்தானிய பாஃப்டா விருதுக்கு முன்மொழியப்பட்டது. அவ்வாண்டு அவ்விருதையும் ஒஸ்காரையும் பெற்றது, காபூல் சிறுமிகள் சக்கரப் பலகை பயில்வதைக் காட்டும் மற்றொரு படம். இப்படங்களை நாம் மாணாக்கனுக்குக் காட்டி, “பாங்கென்றால் இதுவன்றோ!” என்று புகழ்ந்தோம்.

அப்புகழ்ச்சியின் பலனைச் சென்ற மழைக்காலத்தில் கண்டோம். பழைய மரப்பலகை ஒன்றிற் சில்லுகளைப் பூட்டிக்கொண்டு, ஈரம் காயாத தோட்டப் பாதையில் இறங்கிய பையன் இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டான். செய்தி கேட்டு லயத்துக்கு விரைந்தோம். அப்பொழுதுதான் மலையிலிருந்து இறங்கிய அவன் தாயார், கூடையைச் சுவரோரம் வைத்துவிட்டு நம்மை உட்காரச் சொன்னார். ஏசுவார் என்று எதிர்பார்த்திருந்தோம். அவரோ அமைதியாகக் கேட்டார்:

“சேர், கொழுந்து மலையில வழுக்கினா நாங்க கைய ஊன மாட்டோம். கூடையை விட்டுட்டு, ஒடம்பை மடக்கிச் சாஞ்சிருவோம். பேரு பதிஞ்ச காலத்துலயே பெரியவங்க சொல்லிக் குடுத்தாங்க. நீங்க காட்டின படத்துல இத ஒருத்தரும் சொல்லலீங்களா?”

நாம் வாயடைத்துப் போனோம். நாம் ரசித்த காணொளிகளில் பெரும்பாலானவை நூறு முயற்சிகளை வெட்டியெறிந்துவிட்டு, வெற்றி பெற்ற ஒன்றை மட்டுமே காட்டுபவை. விழுவதைக் காட்டிய படங்களிலோ நாம் அதைக் கவனிக்கவேயில்லை. நாம் போற்றிய பாங்கு இறங்கும் கணத்தில் தொடங்குவதன்று. பலமுறை விழுந்து, விழவும் கற்ற உடலிலிருந்து அது பிறக்கிறது. அத்தாயார் வழுக்குமண்ணில் ஆண்டுக்கணக்காகப் பயின்ற பாடத்தை, ஆசிரியராகிய நாம் ஒரு வார்த்தையாலும் அவனுக்கு உணர்த்தவில்லை.

அன்றுமுதல் நம் ரசனை சற்றே மாறிவிட்டது. வீரர் தோளை உட்புறம் சாய்த்து எப்படி உருள்கிறார், எப்படி எழுகிறார் என்பதை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறோம். தலைக்கவசமும் மணிக்கட்டுக் காப்பும் இல்லாமல் பலகையேறலாகாது என்பதும் இப்போது நம் அபிப்பிராயங்களுள் முதலாவது.

சென்ற வாரம் கைக்கட்டோடு வந்த மாணாக்கன் ஒரு காணொளியை நீட்டினான். “சேர், இவர் எத்தனை சுற்று என்று எண்ணாதீர்கள். மூன்றாம் தடவை எப்படி விழுகிறார், பாருங்கள்” என்றான்.

நம் நெடுநாள் வழக்கு அத்துடன் தீர்ந்தது. தீர்ப்புச் சொன்னவர் யாரென்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.